உண்ணாமல் மிச்சம் பிடித்தது யாருக்கு?

கி.பி. 387ஆம் ஆண்டின் தவக்காலம் அந்தியோக்கியா நகரத்துக்கு உயிர்ப்பயத்தில் கழிந்தது. பேரரசர் தெயொதோசியுஸ் விதித்த புதிய வரியைக் கேட்டுக் கொதித்த கூட்டம் தெருவில் இறங்கியது. பேரரசரின் சிலையையும் மறைந்த அவருடைய மனைவி பிளாச்சில்லாவின் சிலையையும் கீழே தள்ளி இழுத்துச் சென்றது. கோபம் ஆறச் சில மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகுதான் செய்த காரியத்தின் கனம் உறைத்தது. அரசரின் சிலை மீது கை வைத்தவர் அரசர் மீதே கை வைத்தவர் என்பது அக்காலச் சட்டம். படை வரப்போகிறது, ஊரைக் கொளுத்தப்போகிறது என்று பேச்சு பரவியது. வசதியுள்ளவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ஆள் நடமாட்டத்துக்குப் பேர்போன சந்தை வெறிச்சோடியது. வயது முதிர்ந்த ஆயர் பிளாவியான், சாகக்கிடந்த உடன்பிறந்தாளையும் விட்டுவிட்டு, குளிரோடு குளிராகக் கான்ஸ்தாந்தினோப்பிளுக்குப் புறப்பட்டார், ஊருக்காக மன்னிப்புக் கேட்க.

ஆயர் இல்லாத கோயிலில் மக்களுக்கு மறையுரை ஆற்றும் பொறுப்பு, குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த யோவானுக்கு வந்தது. பின்னாளில் திருச்சபை கிறிசோஸ்தோம், அதாவது பொன்வாயர், என்று கொண்டாடப்போகும் அதே யோவான். அந்த நாற்பது நாளில் அவர் ஆற்றியவை 'சிலைகள் பற்றிய மறையுரைகள்' என்ற பெயரில் நம் கைக்குக் கிடைக்கின்றன. ஒரு பங்குச் சமூகத்துக்குத் தவக்காலச் சிந்தனை சொல்ல எழுந்து நிற்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய உரைகள் அவை என்பது என் எண்ணம். காரணம், அவர் சொன்ன ஆறுதல் அல்ல. ஆறுதல் யாரும் சொல்வார்கள். கழுத்துக்கு மேல் கத்தி தொங்கும் நேரத்திலும் அவர் மக்களிடம் வேலை கேட்டார் என்பதுதான் காரணம்.

மூன்று வேலைகளைக் கேட்டார். யாரைப் பற்றியும் அவதூறு பேசாதீர்கள்; யாரையும் பகைவராக வைத்திருக்காதீர்கள்; வாய்க்கு வாய் ஆணையிடும் பழக்கத்தை விடுங்கள். மூன்றில் கடைசியை மட்டும் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாமல் கேட்டார். இன்று வாசிப்பவருக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஊரே எரியப்போகிறது, இவர் சத்தியம் செய்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று தோன்றும். ஆனால் அவர் காட்டும் ஒரு வீட்டைப் பாருங்கள். சாப்பாட்டு நேரம். அடிமை ஏதோ தவறு செய்துவிடுகிறான். அவனைச் சாட்டையால் அடித்தே தீருவேன் என்று மனைவி ஆணையிடுகிறாள். அடிக்க விடவே மாட்டேன் என்று கணவன் எதிராணை இடுகிறான். இனி இருவரில் ஒருவர் பொய்யாணைக்காரர் ஆகாமல் அந்தச் சாப்பாடு முடியாது. நடுவில் நிற்பவன் அடிமை. வீட்டுக்காரரின் வாய்ச்சொல் வேலைக்காரனின் முதுகில் போய் விழுகிற இடத்தை யோவான் விரல் வைத்துக் காட்டுகிறார். நோன்பிருக்கும் அதே வாய் அது. இறைச்சியைத் தொடாமல் இருந்துவிட்டு உடன்பிறந்தவனைக் கடித்துத் தின்பதால் என்ன பயன் என்று அவர் கேட்பது இந்தப் பின்னணியில்தான்.

அந்தத் தவக்காலத்தில் வேறொன்றும் நடந்தது. சாப்பிட்டுவிட்ட காரணத்தால் கோயிலுக்கு வர வெட்கப்பட்டவர்களை யோவான் தேடி அழைத்தார். உடல் இயலாமையால் நோன்பிருக்க முடியாதவன் வரலாம், கேட்கலாம், கேட்டதைச் செய்யலாம் என்றார். அவருக்கு நோன்பு ஒரு வழி. போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. இதற்கிடையே பேரரசரின் விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். குளியலகங்களும் நாடக அரங்கும் மூடப்பட்டன. நகரம் தலைநகர்த் தகுதியை இழந்தது. மலைக்குகைகளில் இருந்த துறவிகள் இறங்கி வந்து அதிகாரிகளின் குதிரைகளை மறித்து மக்களுக்காக மன்றாடினார்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஆயர் பிளாவியான் பேரரசரின் மன்னிப்போடு திரும்பி வந்தார்.

இந்தக் கதையை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைய நம் தவக்காலம் பெரும்பாலும் தனி மனிதரின் விரதமாகச் சுருங்கிவிட்டது. நான் இந்த ஆண்டு காப்பியை விட்டேன், நீ சினிமாவை விட்டாய், அவர் சிகரெட்டை விட்டார். நல்லதுதான், யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தவக்காலம் பிறந்தது இப்படி அல்ல. அது ஒரு சமூகம் கூடித் தன்னையே விசாரித்துக்கொண்ட காலம். அந்த விசாரணையில் எப்போதும் ஒரு வரவு செலவும் இருந்தது.

இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'எர்மாவின் ஆயர்' என்னும் நூல் அந்த வரவு செலவை வெளிப்படையாகவே சொல்லித்தருகிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் உட்கொள். வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார். அந்தத் தொகையைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடு என்கிறது. அதே நூற்றாண்டில் அரிஸ்தீதஸ் என்னும் ஏதென்ஸ் சிந்தனையாளர் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. தங்களுக்குள் ஒருவர் பட்டினி கிடக்க, கொடுப்பதற்குத் தங்களிடமும் மிச்சம் இல்லை என்றால், இவர்கள் இரண்டு மூன்று நாள் நோன்பிருந்து அந்த உணவை அவருக்குக் கொடுக்கிறார்கள் என்கிறார். தன் மிச்சத்திலிருந்து ஈவது வேறு, ஈவதற்காகவே மிச்சத்தை உண்டாக்குவது வேறு. பசித்திருக்கும் வயிறு இன்னொரு வயிற்றை நிரப்புகிற வழி என்று நோன்பை அந்த முதல் தலைமுறைகள் புரிந்துகொண்டிருந்தன.

ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய லியோ தம் தவக்கால மறையுரைகளில் இதை இன்னும் அகலப்படுத்தினார். ஈகை இல்லாத நோன்பு உடலை வருத்துமே தவிர உள்ளத்தைத் தூய்மை செய்யாது என்பது அவர் நிலைப்பாடு. காசு கொடுப்பதோடும் அவர் நிறுத்தவில்லை. பணியாளர்களிடம் கடுமையைக் குறையுங்கள், சிறைப்பட்டவர்களை விடுவியுங்கள், கடன்பட்டவரை மன்னியுங்கள் என்று உரோமையின் செல்வர்களைப் பார்த்துச் சொன்னார்.

இதற்கெல்லாம் வேர் விவிலியத்திலேயே இருக்கிறது. சாம்பல் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தர்மம், அடுத்து செபம், நோன்பு கடைசியில். நாமோ தவக்காலம் என்றதும் கடைசியில் வருவதைத்தான் முதலில் நினைக்கிறோம். சாம்பல் புதனுக்கு மறுநாள் விட்டு வரும் வெள்ளியும் சனியும் திருப்பலியில் எசாயா 58ஆம் அதிகாரம் இரண்டு பகுதியாக வாசிக்கப்படுகிறது. நோன்பு நாளிலும் வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள், வழக்காடுகிறீர்கள், கைகலக்கிறீர்கள் என்று அங்கே இறைவாக்கினர் சாடுகிறார். நுகத்தை முறிப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவரை வீட்டுக்கு அழைத்து வருவதும்தான் இறைவன் விரும்பும் நோன்பு என்கிறார். நாற்பது நாளின் வாசலிலேயே திருச்சபை இதை வைத்திருக்கிறது. வார நாள் திருப்பலிக்கு வரும் பத்திருபது பேர் மட்டுமே அதைக் கேட்கிறார்கள் என்பது வருத்தம்.

சட்டம் எப்படி மாறிவந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஞாயிறு நீங்கலாகத் தவக்காலத்தின் எல்லா நாளும் ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரே முழுச் சாப்பாடு. 21 வயது முடிந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடாதவர் வரை அது கட்டாயம். வெள்ளியும் சனியும் சுத்தபோசனமும், அதாவது இறைச்சி விலக்கலும், சேர்ந்துகொள்ளும். நம் தாத்தா பாட்டி காலத்துத் தவசு இதுதான். 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'பெனித்தேமினி' என்னும் ஆணைமடல் இதைத் தளர்த்தியது. இன்று கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே நாள். 18 வயது முடிந்தவருக்கு, 59 வயது நிறையும்வரை. சுத்தபோசனக் கடமை 14 வயது முடிந்த எல்லாருக்கும். ஒருசந்தி தொடங்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு; மற்றதை அப்படியே உறுதிசெய்தது.

தளர்த்தியதைக் கேட்டவர்கள் அதிகம்; ஏன் தளர்த்தினார் என்று படித்தவர்கள் குறைவு. தவம் வேண்டாம் என்று ஆறாம் பவுல் சொல்லவில்லை. வளம் மிகுந்த நாடுகளில் கிறிஸ்தவர்கள் தன்னொறுத்தலுக்குக் கூடுதல் சாட்சி தர வேண்டும், வறுமையில் வாடும் சகோதரருக்கு ஈய வேண்டும் என்றார். வாழ்க்கைத்தரம் தாழ்ந்த இடங்களில், சமூக நீதிக்காக உழைத்துக்கொண்டே, அன்றாடத் துன்பத்தையே செபமாக ஒப்புக்கொடுப்பது இறைவனுக்கு உகந்தது என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டமும், தவக்காலத் தவம் உள்ளத்துக்குள் தனித்து நடப்பதாக மட்டும் இருக்கக் கூடாது, வெளிப்படையானதாகவும் சமூகம் சார்ந்ததாகவும் இருக்க வேண்டும் என்று 110ஆம் எண்ணில் சொல்லியிருந்தது. சுமையைச் சட்டத்தின் தோளிலிருந்து இறக்கிச் சமூகத்தின் தோளில் ஏற்றினார்கள். இறக்கியது நமக்குத் தெரிந்தது. ஏற்றியதை நாம் கவனிக்கவில்லை.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். தவக்காலம் வரும் மாசி, பங்குனி உப்பு விளையும் பருவம். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்குகிறாள். உப்பைச் சுமந்து கரையேற்றுகிறாள். பாதம் வெடிக்கிறது, கண் கூசுகிறது. இவளிடம் போய் மேலும் ஒரு வேளை உணவைக் குறை என்று சொல்லும் மறையுரை எசாயாவைப் படிக்காத மறையுரை. ஆறாம் பவுல் சொன்னபடி பார்த்தால் இவளுடைய தவம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதே பங்கில் அந்த உப்பை விற்று வாழ்பவரின் தவம் வேறு மாதிரி இருக்க வேண்டும். அவருக்கு நோன்பு என்றால் கூலியும், நிழற்கூரையும், குடிநீரும், கழிப்பறையும். நகரத்துப் பங்குகளில் வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சியை விலக்கிவிட்டு வஞ்சிரம் வாங்கும் வீடுகள் உண்டு. சட்டப்படி தவறில்லை, மீனுக்குத் தடை கிடையாது. ஆனால் விலக்கியதைவிட வாங்கியது விலை கூடுதல் என்றால் ஏழைக்குப் போய்ச் சேர என்ன மிஞ்சும்?

குருக்கள் இல்லாமலே தவக்காலத்தைக் காப்பாற்றிய தமிழ்ச் சமூகங்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தை டச்சுக்காரர் கைப்பற்றியதும் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமானது. ஏறத்தாழ முப்பது ஆண்டு குருவின் முகமே பார்க்காத ஊர்களுக்கு, 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். சில்லாலையில் தங்கி இரவில் மக்களைச் சந்தித்தார். பிற்பாடு கண்டி இராச்சியத்தைத் தளமாக்கிக்கொண்டு தீவெங்கும் நடந்தார். போன இடமெல்லாம் அவர் செய்த முக்கியமான காரியம், ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் ஏற்படுத்தியது. குரு வராத மாதங்களில் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தருவது, சாகிறவருக்குத் துணை நிற்பது எல்லாம் அந்தப் பொதுநிலையினரின் வேலை.

அவர்களுக்குக் கையில் கொடுக்க நூல் வேண்டியிருந்தது. 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அதைச் செய்தார். சிங்களத்திலும் தமிழிலும் புலமை பெற்று எழுதிக் குவித்த அவர் தந்தவற்றுள் 'வியாகுல பிரசங்கம்' தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்காலத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டது. இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாகச் சொல்லும் நூல் அது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருகிறது. வாசிப்பவர் ஊர்க்காரர். அவருக்கு அந்த இராகத்தைச் சொல்லிக்கொடுத்தவரும் ஊர்க்காரரே. எழுத்தறியாத பாட்டிகளுக்கும் பல பகுதிகள் மனப்பாடம். அடக்குமுறைக் காலத்தில் ஒரு சமூகம் தன் தவக்காலத்தைத் தானே நடத்திக்கொண்டதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழில் இல்லை. 2015 ஜனவரியில் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாசைப் புனிதராக உயர்த்தியபோது, அந்த மூப்பர்களும் அண்ணாவிகளும் கூடவே பெருமை பெற்றார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய பங்குகளில் அந்த மரபுக்கு நெருங்கி வருவது வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைகள் என்ற எண்ணிக்கை 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் காலத்தில் நிலைபெற்றது. எருசலேமுக்குப் போக இயலாத ஏழைகளும் தங்கள் ஊர்க் கோயிலிலேயே அந்தப் பாதையை நடக்கட்டும் என்று பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பிய பக்தி அது. தமிழகத்துப் பங்குகள் பலவற்றில் ஒவ்வொரு வாரமும் ஓர் அன்பியம், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு, பொறுப்பேற்று நடத்துகிறது. பொறுப்பேற்ற அன்பியத்தார் கூடி உட்கார்ந்து, ஐந்தாம் நிலையில் சிலுவையைச் சுமக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட சீமோனைப் பற்றி நம் ஊர் நிலைமையில் என்ன சொல்லலாம் என்று பேசி எழுதுகிற இடங்களில் அது உயிரோடு இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாக ஒப்பிக்கிற இடங்களில் களைத்துப்போகிறது. ஊருக்குள் ஊர்வலமாக நடக்கும் சிலுவைப்பாதைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அது எந்தத் தெரு வழியாகப் போகிறது? எந்தத் தெருவுக்குள் திரும்பாமலே வந்துவிடுகிறது?

தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தில் பேச வேண்டிய பாவங்களில் சாதிக்குத்தான் முதலிடம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1745இல் நீலகண்டன் என்ற அரண்மனை அலுவலர் தேவசகாயம் என்று திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. சாதி பாராமல் எல்லாரோடும் பழகியது அவர் மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதரானார். அதே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடித்த கோயில், பீடத்தில் சேரும் இரண்டு கைகளாக, கால்சட்டை போன்ற வடிவில் அமைந்தது. ஒரு கையில் வெள்ளாளர், மறு கையில் நாடார். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இருவரும் ஒரே பலியில் பங்கெடுத்தார்கள். 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் அந்தப் பிரிவினைச் சுவரை இடித்து அகற்றினார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. கோயிலுக்குள் சாதியின் பெயரால் தனியிடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பானது.

அந்தச் சுவர் விழுந்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை, தேர் திரும்பாத தெரு, திருவிழாக் கட்டளையில் இடம் இல்லாத குடும்பங்கள் என்று அது வேறு வேறு உருவில் பல ஊர்களில் நின்றுகொண்டிருக்கிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருப்பது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிர்ச்சாட்சி என்று கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை சாதிப் பாகுபாட்டைக் கொடிய சமூகப் பாவம் என்றே அறிவித்தது. பாவம் என்று திருச்சபையே பெயரிட்ட ஒன்று ஆன்மச் சோதனைப் பட்டியலில் ஏன் வருவதில்லை? ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வரிசையில் நிற்பவர், பொய் சொன்னேன், கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்கு வரவில்லை என்கிறார். கூலிக்காரரை வாசலில் நிறுத்தித் தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்தேன் என்று சொல்பவர் எத்தனை பேர்? தமிழில் அச்சேறிய தொடக்க கால நூல்களில் ஒன்று, அன்றிக் அன்றிக்கஸ் அடிகளாரின் பாவசங்கீர்த்தன நூல். 1580இல் கொச்சியில் அச்சானது. முத்துக்குளித்துறை மக்கள் தங்கள் மொழியிலேயே மனச்சாட்சியைச் சோதிக்கட்டும் என்று அன்றே அக்கறை எடுத்தார்கள். இன்றைய பங்கு தன் ஊரின் பாவங்களை ஊரின் பேச்சிலேயே எழுதி ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்க என்ன தடை?

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கும் இதில் சேரும். 2016 ஜனவரியில் திருவழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட ஆணை, ஆண்கள் மட்டும் என்றிருந்ததை மாற்றி, இறைமக்கள் அனைவரிலிருந்தும் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது; பெண்கள், முதியோர், இளையோர், நோயாளிகள் எல்லாரும் அதில் அடக்கம். ஆணை வந்த பின்னும் பன்னிரண்டு ஆண்களையே வெள்ளை உடையில் உட்கார வைக்கும் பங்குகள் இருக்கின்றன. துப்புரவுப் பணியாளரின் காலும், வீட்டு வேலை செய்யும் பெண்ணின் காலும், பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து நம் கோயிலின் கடைசி வரிசையில் நிற்கும் பையனின் காலும் அந்தப் பன்னிரண்டில் இருந்தால், மறையுரை அன்று தேவைப்படாது.

காசுக் கணக்குக்குத் திரும்புகிறேன். பல பங்குகளில் தவக்காலத் தொடக்கத்தில் வீட்டுக்கு ஓர் உறையோ சிறு உண்டியலோ கொடுத்து, பெரிய வாரத்தில் திரும்பப் பெறுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே விழும் காசுக்கும் வீட்டில் குறைந்த சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. கடைசி நாளில் ஒரு நோட்டு மடித்து வைக்கப்படுகிறது. தொகை எங்கே போனது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எர்மாவின் வழியை நேராகவே கடைப்பிடிக்கலாம். வெள்ளிக்கிழமை வழக்கமான கறிச் செலவு எவ்வளவு, அன்று ஆன செலவு எவ்வளவு, வித்தியாசம் அன்றைக்கே உண்டியலில். பிள்ளைகள் கையால் போட வேண்டும். ஏழு வெள்ளியில் சேர்வது சிறிய தொகையாக இருந்தாலும் அது பசியிலிருந்து வந்த தொகை.

அது யாருக்குப் போக வேண்டும் என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். கடலோரப் பங்கு என்றால் ஆண்டின் நாட்காட்டியே வழி காட்டுகிறது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஏதோ ஒரு ஞாயிறு. 2025இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 18; தடைக்காலம் தொடங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. பெருவிழா இப்படிப் பிந்தி வரும் ஆண்டுகளில், நோன்பு முடிந்து கோயில் விருந்து சாப்பிடும் அதே வாரத்தில் படகுக் கூலிக்குப் போகிறவரின் வீட்டில் வருமானம் நின்றுபோகிறது. அரசின் தடைக்கால நிவாரணம் உண்டு; ஆனால் இரண்டு மாதச் செலவும் பள்ளி திறக்கும்போது வரும் கட்டணமும் அதற்குள் அடங்குவதில்லை. கந்துவட்டிக்காரரிடம் முதல் கடன் வாங்கும் வாரம் அது. தவக்காலத்தில் சேர்ந்த தொகை அந்த வாரத்தில், வட்டியில்லாமல், சொந்தப் படகு இல்லாத குடும்பங்களுக்கு முதலில் போனால், பங்கின் நோன்புக்கு உயிர்ப்பு கிடைத்தது என்று சொல்வேன். மலையடிவாரப் பங்குக்கும் மாநகரப் பங்குக்கும் இப்படி அவரவர் பருவம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வாரம் ஒரு மாலை பங்குத்தந்தையோடு கூடி உட்காருங்கள். சிலுவைப்பாதை போகாத தெருக்களின் பெயரை எழுதுங்கள். பாதம் கழுவப்படப்போகும் பன்னிரண்டு பேரின் பட்டியலை எடுத்து, அதில் யார் இல்லை என்று பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை இருந்தால் அதை எப்போது முடிப்பது என்று நாள் குறியுங்கள். தவக்கால உண்டியலின் வரவையும், அது எந்த வகைத் தேவைக்குப் போனது என்பதையும், பெற்றவர் பெயரை வெளியிடாமல், உயிர்ப்பு ஞாயிறன்று கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.